சாதம் விட்ட மாமன்

மாட்டுங்கா
9 நவம்பர் 2024

அக்காவுக்கு, தம்பி பஞ்சு நமஸ்காரம் செய்து எழுதுவது. நமஸ்காரம் காகிதத்தில் மட்டும்தான், காரணம் கீழே.

சாதனாவின் நிச்சயதார்த்தத்தன்று செம்பூரில் சம்பந்தியின் அப்பாவை விழுந்து நமஸ்கரித்துவிட்டு வெகுநேரம் கிடந்தேனே, அது பக்தி இல்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சாதம், இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டுச் சர்க்கரையை அடக்கினேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு, மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தொப்பையோடு சேர்ந்து கைகால் பலமும் கிளம்பிப் போனது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பாவம் அந்தப் பெரியவர், நான் எழாததால் திரும்பத் திரும்ப ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் உன் மச்சினர் பிள்ளை கௌசிக், லோக்கல் ட்ரெயினில் மேலே வைத்த பையை இறக்குவது போல, ஒரே கையால் என்னை எடுத்து நிறுத்தினான்.

சரி, மானம் போனது போகட்டும். அதற்காக மறுநாளே குடும்ப வாட்ஸப் குரூப்பில், "மாலை மாத்தறச்சே சாதனாவை கௌசிக் தூக்கிப்பான், பஞ்சுவால முடியாது" என்று போட்டாயே, இது நியாயமா? கல்யாணப் பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமன் உரிமை. கௌசிக் அவளுக்குப் பெரியப்பா பிள்ளை. அண்ணா தூக்கினால் அதற்குப் பெயர் மாலை மாற்றலா, ஜிம் விளம்பரமா? அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என் பெண்டாட்டி வந்தனாவுடையது.

ஆகவே குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டேன். போனையும் எடுக்க மாட்டேன். இனிமேல் நமக்குள் தபால்தான்.

இன்னும் தாய்மாமனாகவே இருக்கும்,
பஞ்சு


டோம்பிவிலி
16 நவம்பர் 2024

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு ஷ்யாமளா ஆசீர்வாதம்.

கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினால்தான் உன் கோபம் வந்து சேருமோ? நான் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது எதிர்வீட்டு மாமி, "கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டாள்.

எனக்கு மட்டும் கோபம் வராதா? என் பெண் பேட்மிண்டன் ஆடுகிறவள். உன்னைவிட அரை ஜாண் உயரம். எடை என்ன என்று நான் எழுத மாட்டேன், எழுதினால் அவள் என்னோடு பேசமாட்டாள். நீயோ ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வாட்ச்மேனைக் கூப்பிடுகிறாயாம். வந்தனாதான் சொன்னாள். மேடையில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தால் நான் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்வேனா, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுவேனா?

அன்றைக்கு நீ தரையில் கிடந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம் அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஸோபா காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

உரிமை உரிமை என்று குதிக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் இங்கே வா. என் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டு. பிறகு பேசலாம்.

ஷ்யாமளா


மாட்டுங்கா
22 டிசம்பர் 2024

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் சவாலுடன் நேரே டாக்டரம்மாவிடம் போனேன். சாதத்தை நிறுத்திவிட்டு வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்றாள். கோஸ் மெழுக்குவரட்டி, வெள்ளரிக்காய், மோர் என்றேன், பெருமையாக. அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சாதத்தை விட்டதில் தப்பில்லையாம். அந்த இடத்தில் புரதம் எதுவும் வைக்காததும், வேலை கொடுக்காமல் உடம்பை உட்காரவைத்ததும்தான் தப்பாம். சும்மா இருக்கிற சதையை உடம்பு முதலில் தின்றுவிடுமாம். எங்கள் ஆபீஸில் என்னை வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பினார்களே, அதே கொள்கை. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. வேறு யாராவது செய்திருந்தால் கேஸ் போடலாம். என்னை நானே எந்தக் கோர்ட்டுக்கு இழுப்பேன்?

இப்போது மூன்று வேளையும் பனீர், கெட்டித் தயிர், டோஃபு. டோஃபு என்பது உப்பு, புளி, காரம், மானம் எதுவும் இல்லாத ஒரு வஸ்து. முட்டையைப் பற்றி வந்தனா ஏதாவது சொன்னால் நம்பாதே. அல்லது நம்பு, ஆனால் அத்திம்பேரிடம் சொல்லாதே.

ஜிம்முக்கும் போகிறேன். சைஃப் என்று ஒரு கோச், தாராவிப் பையன். முதல் நாள் ஒரு கம்பியைக் கொடுத்தான். இரண்டாவது தரம் தூக்கியபோதே கண் இருட்டியது. "இதுல எத்தனை கிலோ மாட்டியிருக்க?" என்றேன். "அங்கிள், இன்னும் ஒண்ணும் மாட்டலை" என்றான். சுற்றிலும் கண்ணாடி வேறு. நான்கு பக்கமும் நான்கு பஞ்சுக்கள் ஒரே சமயத்தில் அவமானப்பட்டோம்.

வீட்டில் பயிற்சிக்கு அரிசி மூட்டை. தின்னக்கூடாது, தூக்கலாம். நேற்று அதைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறும்போது புதிதாகக் குடிவந்த அம்மாள் கதவைத் திறந்து, "பையா, தேங்காய் கொண்டுவரலையா?" என்று, கடை ஆளைக் கேட்பது போல, ஹிந்தியில் கேட்டாள். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டியவனைப் பார்த்து!

ஆனால் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். ஒரு கை ஊன்றி. இன்னொரு கை இப்போது சும்மா இருக்கிறது.

பஞ்சு


டோம்பிவிலி
19 ஜனவரி 2025

பஞ்சுவுக்கு ஆசீர்வாதம்.

வந்தாய், உட்கார்ந்தாய், கை ஊன்றாமல் எழுந்தாய். முழங்கால் போட்ட சத்தத்தில் உன் அத்திம்பேர் அடுக்களையில் குக்கரை அணைக்கப் போனார். அதெல்லாம் சரி. நான் விடியற்காலையில் எழுந்து பிழிந்த சேவையைத் தொடாமல், பையிலிருந்து பனீர் டப்பாவை எடுத்தாயே, அதை நான் மறக்க மாட்டேன்.

நீ போனபிறகு சாதனா, "மாமாதான் தூக்கணும், இல்லேன்னா நடந்தே மாலை போட்டுக்கறேன்" என்றாள். முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அவளைத் தூக்கிப் பார்க்க வந்துவிடுவாய்.

தூக்கு. ஆனால் ஜாக்கிரதை. எனக்கு இருப்பது ஒரு பெண், ஒரு தம்பி.

ஷ்யாமளா


மாட்டுங்கா
16 பிப்ரவரி 2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

கல்யாணம் முடிந்து இத்தனை நாளாகிறது. பாயசம் நன்றாக இருந்ததென்று எல்லாரும் பேசுகிறார்கள், நாதஸ்வரக்காரரைப் புகழ்கிறார்கள், மண்டபத்து ஏ.சி.யைக்கூட ஒருவர் பாராட்டினார். என் தோளைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ஆகவே நானே எழுதவேண்டியிருக்கிறது.

சாதனாவைத் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பூ மாதிரி இருந்தாள். தூக்கிய க்ஷணம் மட்டும் உயிர் போயிற்று. அப்புறம் பாரமே இல்லை. சைஃப் சொன்னபடி குதிகாலை அழுத்தி, மூச்சைப் பிடித்து, தூண் மாதிரி நின்றேன். மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மாமா முன்னும் பின்னும் குதித்துப் போக்குக் காட்டினாரே, அதெல்லாம் பலம் இல்லாதவர்கள் செய்கிற வித்தை. பலம் என்பது அசையாமல் நிற்பது. மூன்று மாலையும் மாறும்வரை நான் அசைந்தேனா?

கௌசிக்குக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்குப் பின்னால் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்தே இருந்தான். மேடையில் ஏது செருப்பு? முகத்தை மறைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நான் பெருந்தன்மையாகக் கண்டுகொள்ளவில்லை.

குரூப்பில் என்னைச் சேர்ப்பதாக இருந்தால் யோசிக்கிறேன். ஆல்பம் வந்ததும் அந்தப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு அனுப்பவும். ஜிம்மில் மாட்டவேண்டும் என்று சைஃபிடம் சொல்லிவிட்டேன்.

வெற்றி பெற்ற,
பஞ்சு


டோம்பிவிலி
8 மார்ச் 2025

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன்னைக் குரூப்பில் சேர்த்துவிட்டேன். போனைப் பார்.

கல்யாணத்தன்று சம்பந்தியின் அப்பாவை மறுபடி விழுந்து நமஸ்கரித்தாயே, அப்போது நான் சமையற்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். யார் கையையும் பிடிக்காமல், ஸோபாவைத் தொடாமல், நீயாக எழுந்தாய். பெரியவர் ஆசீர்வாதத்தை முடிப்பதற்குள் எழுந்துவிட்டாய். அது போதுமடா எனக்கு. சாதத்தை விட்டாலும் அந்தக் கம்பியை விடாதே. முட்டை விஷயம் உன் அத்திம்பேருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

ஆல்பக்காரர் வந்திருந்தார். நீ கேட்ட போட்டோ நன்றாகவே விழுந்திருக்கிறது. நீ யானையைத் தூக்குகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாய், சாதனா சிரிக்கிறாள். பெரிதாகப் போடும்போது, அவள் புடவைக் கரைக்குக் கீழே தெரிகிற உயரமான நீலப் பிளாஸ்டிக் ஸ்டூலையும், அதன் மேல் ஊன்றியிருக்கிற அவள் இடது காலையும் என்ன செய்வது என்று கேட்டார். அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஷ்யாமளா