எழுநூறு சிசியும் ஒரு மேம்பாலமும்

மாப்ள,

நேற்றுக் காலை ரயில்வே மேம்பாலத்தின் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி நின்றுகொண்டிருந்தேன். ஏன் நின்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதே. உயிரோடு இருந்தபோதுதான் பாதிப் பேச்சில் எழுந்து போவாய், இப்போது எங்கே போகப் போகிறாய்? ஒரு மினி லாரி, தலைக்கு மேலே பலாப்பழத்தை அடுக்கிக்கொண்டு, முக்கி முனகி மேலே வந்தது. என்னைக் கடக்கும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. கிளட்ச் பிளேட் கருகும் வாசனை. அத்தர் வாசனை வந்தால் செத்துப்போன தகப்பனை நினைத்து அழுகிறவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். எனக்குக் கருகிய கிளட்ச். உன் யோக்கியதைக்கு அதுதான் கிடைக்கும்.

அந்த மினி லாரிக்காரன் முகத்தைப் பார்த்தேன். உன் முகமேதான். வண்டி சாகிறது, இவன் தாடையை நீட்டிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். இன்ஜின் சின்னது என்று ஒப்புக்கொள்வதைவிட இன்ஜின் வெடித்துச் சாவது மேல் என்கிற முகம். உலகத்தில் இந்த ரகம் ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும் போலிருக்கிறது.

நான் அஞ்சாங்கிளாஸ். நீ எட்டு. அந்த மூன்று கிளாஸை வைத்துக்கொண்டு நீ செய்த அட்டகாசம் கொஞ்சமா? நம் கடை சேர், மேசை, அடுப்பு, பிரியாணி வேகிற பெரிய தேக்சா வாடகைக்கு விடுகிற கடை; ஆர்டர் வந்தால் சமைத்தும் கொடுப்போம். நீ பேசினால் கப்பல் கம்பெனி நடத்துகிறவன் பேசுகிற மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்து கூடச் சுற்றியவன் என்று என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் காதுக்கு ஓய்வில்லை.

புது வண்டி வாங்கலாம் என்று முடிவானபோது மறைமலைநகர் பக்கம் ஷோரூமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே டை கட்டிய ஒரு ஆள். எழுநூறு சிசி, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்து ஐந்நூறு என்று மூன்று வண்டியை வரிசையாக நிறுத்தி, டார்க் என்றான், பேலோட் என்றான். எதைக் கேட்டாலும் கையிலிருந்த படத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அந்த ஆள் ஒரு மூட்டை வெங்காயத்தைக்கூட வாழ்க்கையில் ஏற்றி இறக்கியிருக்க மாட்டான். நீ அவனைவிட மோசம். பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. இன்ஜின் ஸ்டார்ட்கூட ஆகவில்லை, மாப்ள!

"இது போதும் மச்சான்" என்றாய், சின்னதைத் தட்டி.

"மகாபலிபுரம் மண்டபத்துக்கு அஞ்சு தேக்சா, அடுப்பு, சிலிண்டரு, சேரு, எல்லாம் ஏத்தினா இது படுத்துக்கும்டா" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? இழுக்கறது இன்ஜின் இல்ல மச்சான், ஓட்டறவன் காலு."

இந்த ஒரு வசனத்தை வைத்தே நீ பிழைத்தாய். டயர் பஞ்சரானாலும் இதைத்தான் சொல்வாய்.

சரி, லோடு ஏற்றி ஓட்டிப் பார்த்து வாங்கலாம் என்றேன். நீ என்ன லோடு ஏற்றினாய்? உன் குடும்பத்தை ஏற்றினாய். உன் அண்ணன்மார், அவர்கள் வீட்டுப் பெண்கள், என் தங்கச்சி, எல்லாரும் பின்னால். "எங்க அண்ணனுங்க ரெண்டு பேரு போதும், நாலு தேக்சாக்கு சமம்" என்று பெருமை வேறு. முன்னால் நீ ஸ்டியரிங்கில், டை கட்டியவன் ஜன்னலோரம், நடுவில் நசுங்கிக்கொண்டு நான். பிஸ்மில்லா சொல்லி மேம்பாலத்துக்கு விட்டாய்.

வண்டி ஏறியது பார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. உச்சியில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டாய். பின்னால் தடக் தடக்கென்று வண்டி குலுங்கியது.

"கேளு மச்சான். ஸ்பிரிங்கு மூச்சு வுடுது."

டை கட்டியவன் தலையை ஆட்டினான். விற்கிறவனுக்கு ஸ்பிரிங் மூச்சு விட்டால் என்ன, பாட்டுப் பாடினால் என்ன? அன்றைக்கே எழுநூறு சிசி நம் வீட்டு வாசலுக்கு வந்தது. தெருவெல்லாம் லட்டு கொடுத்தாய். "பெரிய இன்ஜின் வாங்கறவன் பூரா டிரைவிங் தெரியாதவன்" என்று பெரிய வண்டி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தாய்.

ஒரு மாசம் கருங்குழிக்கும் மதுராந்தகத்துக்கும் சேரும் மேசையும் ஏற்றிப் போனோம். பிளாஸ்டிக் சேர் காற்று மாதிரி, வண்டி பறந்தது. உன் மீசையும் பறந்தது. அதற்குப் பிறகு வந்தது கடலோர மண்டபத்து நிக்காஹ்.

நம் கொல்லையில் சமைத்து, தம் போட்டு, மூடிக்கு மாவு ஒட்டி, சூடு குறையாமல் கொண்டு போய் இறக்க வேண்டும். மதியத் தொழுகை முடிந்ததும் சாப்பாடு. அந்த மண்டபத்துக்காரர் மனசு வைத்தால் கடற்கரை ஆர்டர் முழுக்க நம் கடைக்கு. தேக்சா எல்லாம் ஏற்றி, அடுப்பு ஏற்றி, பரிமாற உன் குடும்பமும் ஏறிக்கொண்டது. மேம்பாலத்தில் பாதி ஏறியதும் இன்ஜின் இருமியது. முதல் கியர். மறுபடி இருமியது. பிறகு அந்த வாசனை. வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்ததும் நான் குதித்து டயருக்குக் கல் வைத்தேன். பின்னால் கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக உன் குலம் கோத்திரத்தை விசாரித்தார்கள்.

அப்போதுதான் கீழேயிருந்து என் தங்கச்சி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்து வந்தாள். பின்னாலேயே உன் அண்ணன்மார் ஊர்வலம்.

"இன்னாய்யா, நாங்கதான் எறங்கிட்டோமே, அப்பவுமா ஏறல?"

"எங்க எறங்குனீங்க?" என்று கேட்டாய்.

"கீழ, ஸ்பீடு பிரேக்கர்ல. எப்பவும் எறங்கறதுதான? பழைய வண்டி ஏறாதுன்னு நீதான பழக்கி வுட்ட?"

"அன்னிக்கு? ஓட்டிப் பாத்தமே, அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான் எறங்குனோம். மேல நின்ன, ஏறிக்கினோம்."

மாப்ள, நான் எத்தனையோ பேர் முகம் தொங்கிப்போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒன்று பார்த்ததில்லை. உன் ஸ்பிரிங் விட்ட மூச்சு, உன் அண்ணன்மார் பின்கதவைப் பிடித்து ஏறியது! ஆளில்லாத வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டு, அதற்காக லட்டு கொடுத்த ஒரே மனிதன் இந்த ஜில்லாவிலேயே நீதான். நடு ரோட்டில், கல்லின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ என்ன சொன்னாய்?

"இன்ஜின் கரெக்ட்டுதான். லோடுதான் ஜாஸ்தி."

பாதித் தேக்சாவைப் பாலத்திலேயே இறக்கி, உன் அண்ணன்மாரைக் காவலுக்கு வைத்து, இரண்டு நடையாகக் கொண்டுபோனோம். பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்துக்காரர் வாசலில் நின்றார். நீ வாய் கூசாமல், "தம்முல இருந்திச்சி பாய், இப்பதான் பதம்" என்றாய். அதோடு கடற்கரை ஆர்டர் போனது.

அப்போதாவது வண்டியை மாற்றினாயா? வீம்பு. சாகிற வரைக்கும் அதே எழுநூறு. மேம்பாலம் வந்தால் எல்லாரும் இறங்க, நீ மட்டும் ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு மேலே போய் நிற்பாய். என் தங்கச்சிதான் கடைசியில் மூச்சு வாங்க வருவாள். கதவில் கை வைக்கப் போகும்போது வண்டியை இரண்டடி முன்னால் நகர்த்துவாய். மறுபடி கை வைப்பாள், மறுபடி நகர்த்துவாய். அவள் ரோட்டில் நின்று, "சாவுகிராக்கி! நில்லுய்யா!" என்று கத்துவாள். தலைமுடி நரைத்த மனிதன் செய்கிற வேலையா இது? அந்த ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் நம் குடும்பம் ஒரு தமாஷ்.

பிறகு நெஞ்சு வலி என்று ஒரு மத்தியானம் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. சாவுகிராக்கி என்கிற வார்த்தையை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகள் சொன்னால்கூட அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். வண்டியும் உன்னை மாதிரியே சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் ஜாம் ஆகி நின்றது.

போன மாசம் பழைய மண்டபத்துக்காரரின் மகன் கடைக்கு வந்தான். தகப்பனுக்கு வயதாகிவிட்டது, இப்போது இவன்தான் பார்க்கிறான். "சீசன் பூரா தர்றேன்க்கா. ஆனா ஒரே ட்ரிப்ல வரணும். அன்னிக்கு மாரி பேஜாரு ஆவக் கூடாது" என்றான். கடையில் இப்போது அவளும் நானும்தான். இந்த ஆர்டர் வந்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இழுக்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னாள் தெரியுமா?

"அதே சைஸு வாங்குண்ணா."

"உன் புருசன் மண்டைல இருந்தது உனக்கும் ஒட்டிகிச்சா? எழுநூறுல ஒரே ட்ரிப்பு எப்டி போறது?"

"எறங்கி நடந்தா ஏறும்."

"தேக்சா எறங்கி நடக்குமா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீசல் மிச்சம் என்றாள், சந்தில் திரும்பும் என்றாள். கஞ்சத்தனத்தை நீ ஆஸ்தியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று உன்னை மனசுக்குள் திட்டினேன்.

இரண்டாயிரத்து ஐந்நூறு வேண்டாம் என்று நானே ஒதுக்கினேன். முக்கால்வாசி நாள் நாம் ஏற்றுவது பிளாஸ்டிக் சேர், அதற்கு அவ்வளவு பெரியது தண்டம். வீட்டு முன்னால் பெரிதாக ஒன்று நிற்க வேண்டும் என்று வாங்குகிற கூமுட்டைகளுக்கு அது. எழுநூறு லேசான லோடுக்குச் சரி, அதுவரைக்கும் உன் பேச்சில் பாதி நியாயம். நீ பார்த்தது தினப்படி லோடு. கவிழ்க்கிற லோடு எது, கவிழ்க்கிற மேடு எது என்று பார்த்து, அந்த இரண்டும் சேர்கிற இடத்தில் மூச்சு வாங்காத இன்ஜின் எது என்று பார்க்க வேண்டும். நமக்கு அது ஆயிரத்து ஐந்நூறு. இதைக் கண்டுபிடிக்க எட்டாங்கிளாஸ் வேண்டாம், அஞ்சு போதும்.

ஓட்டிப் பார்க்கிற நாளில் உன் அண்ணன்மாரை ஏற்றவில்லை. தேக்சாக்களில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி ஏற்றினேன். தண்ணீருக்கு இறங்கி நடக்கிற பழக்கம் கிடையாது. மூடிகளைப் பிடித்துக்கொள்ள அவளைப் பின்னால் உட்காரவைத்து, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மேம்பாலம் வந்தது. இரண்டாவது கியரிலேயே ஏறியது, மாப்ள. இருமல் இல்லை, வாசனை இல்லை. உன்னை நினைத்து உரக்கச் சிரித்துக்கொண்டே உச்சியில் நிறுத்தினேன்.

பின்கதவைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள்.

"இன்னாடி, அடி கிடி பட்டுச்சா?"

"ஏன் தாப்பா போட்ட?"

"எறங்கிடப் போறன்னுதான்."

"எறங்கத்தான் பாத்தேன்" என்றாள். "இந்த வண்டில யாரும் எறங்கவே வேணாம் இல்ல? நேரா ஏறிப் போயிரும். மேல யாரும் நிக்கவும் வேணாம்."

டீசலும் சந்தும் எல்லாம் சும்மா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மேட்டை நடந்து ஏறினால் மேலே நீ நிற்பாய். அதற்காகச் சின்ன இன்ஜின் கேட்டிருக்கிறாள். ஆர்டரும் வேண்டும், கடையும் வேண்டும், அதுவும் வேண்டும். உன்னைப் போய் இப்படி ஒருத்தி நினைக்கிறாளே, அவள் ரசனையை என்ன சொல்ல!

ஆயிரத்து ஐந்நூறைத்தான் வாங்கினேன். நேற்று முதல் மண்டப ஆர்டர். முழு லோடு, ஒரே நடை. இப்போது அவள் என் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்காருகிறாள். மேம்பாலத்துக்கு முன்னால் அந்த ஸ்பீடு பிரேக்கரில் நானே வண்டியை நிறுத்தினேன். "எறங்கு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இறங்கினாள். ஊரில் எல்லாரும் இறங்காமல் இருக்கப் பெரிய இன்ஜின் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு இறக்கி நடக்கவிடுகிற கிறுக்குக் குடும்பம் நம்முடையது ஒன்றுதான். அந்தப் பெருமை உன்னைச் சேரும்.

அப்படித்தான் நேற்று உச்சியில் நின்றேன். பலாப்பழ வண்டி போன பிறகு கண்ணாடியில் அவள் தெரிந்தாள், செருப்பு கையில், மூச்சு வாங்கிக்கொண்டு. பின்னால் ஐந்து தேக்சா பிரியாணி தம்மில் இருந்தது. கதவுக்கு அவள் கை வந்தது. சத்தியமாக நான் ஒன்றும் யோசிக்கவில்லை மாப்ள, என் கால் பிரேக்கிலிருந்து தானாக எழுந்தது. வண்டி இரண்டடி நகர்ந்தது.

அவள் நடு ரோட்டில் நின்றாள். பிறகு இடுப்பில் கை வைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"சாவுகிராக்கி! நில்லுய்யா!"

நான் இன்னும் இரண்டடி நகர்த்தினேன்.