நோன்புக் கஞ்சிக்கு ஒரு சால்வை

மயிலாப்பூர்
ஜனவரி கடைசி வெள்ளி

அன்பு மகன் ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதி அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, குரல் பதிவு அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். இதை நீ நிதானமாகத்தான் படிக்க வேண்டும். சாந்தோம் ஆரோக்கியராஜ் மகள் டயானா லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் அவளிடம் கொடுத்திருக்கிறேன், கூடவே இதையும். பொடியை அப்புறம் பிரித்துக்கொள், முதலில் இதைப் படி.

உன் அத்தாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, நன்றாகத் தேறிவருகிறார். கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட மனுஷர் கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, ஜஹீதா உனக்கு இவ்வளவு சுருக்கம் எப்போது விழுந்தது என்று கேட்கிறார், ஆபரேஷன் செய்யாமலே விட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். கச்சேரி ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டுவது இன்னும் முடிந்தபாடில்லை, காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் கணக்குப் போடலாம் அவ்வளவு புழுதி. கீழ்வீட்டு குல்சும் மாமிக்கு முட்டிவலி, ஆனாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. இந்தச் செய்திகளை எல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். எழுத உட்கார்ந்த விஷயம் வேறு.

போன வாரம் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஓட்டல் ஹாலில் உங்கள் ஆராய்ச்சி நிலையம் கூட்டம் போட்டது உனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் சென்னை டைரக்டர் டாக்டர் சுகந்தன் அனுப்பிய அழைப்பில், ஆய்வில் கலந்துகொண்ட குடும்பங்கள் வந்து கௌரவிக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அடியில் ஆய்வாளர் வரிசையில் உன் பெயர். நீ எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, குல்சும் மாமியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பெருமையோடுதான் போனேன். மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதைப் பற்றிப் பேசும் ஹாலில் பட்டப்பகலில் திரையை இழுத்து மூடி அத்தனை விளக்கையும் போட்டிருந்தார்கள், ஏ.சி. குளிரில் குல்சும் மாமி முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெரிய மனிதர்கள் கூட்டம் எங்கேயும் அப்படித்தான்.

சுகந்தன் நன்றாகத்தான் ஆரம்பித்தார். மத்தியானத்தில் சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கிறது, சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பும் விளக்கும் ஏ.சி.யும் போடுவதால் அப்போது நிலக்கரியை எரித்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே இரவுச் சமையலை வெயில் இருக்கும்போதே முடித்துவிடச் சொல்லி ஜனங்களுக்குப் போனில் ஒரு செய்தி அனுப்பினால் கேட்பார்களா என்பதுதான் கேள்வி என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இரண்டு அடுப்பு உள்ள இண்டக்‌ஷனும் அதற்கு ஒரு மீட்டரும் இதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. பிறகு திரையில் ஒரு படம் போட்டார். செய்தி அனுப்பாத மாதம் ஒரு கோடு, சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பதுவரை மலைமாதிரி ஏறியிருந்தது. செய்தி அனுப்பிய மாதம் இன்னொரு கோடு, அந்த மலை அப்படியே இடம் மாறி மத்தியானம் மூன்று மணிப் பக்கம் உட்கார்ந்திருந்தது. செய்தியே அனுப்பாத ஆதம்பாக்கம் வீடுகளில் மலை நகரவே இல்லை, ஆகவே இது செய்தியின் வெற்றி என்று சொன்னார். ஹாலில் கைதட்டினார்கள். நான் அந்த இரண்டாவது மாதத்தின் தேதியைப் பார்த்தேன். போன வருஷத்து ரமலான்.

ஆசிஃப், நீயே சொல். அஸர் தொழுகைக்கு முன்னால் மூன்று மணிக்கே கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் ஏற்றினால்தான் பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்கு நோன்பு திறக்க முடியும், திறந்த பிறகு யார் வீட்டில் அடுப்பு எரிகிறது? கஞ்சியும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் தராவீஹ் தொழப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், நாங்கள் பாத்திரம் கழுவிவிட்டு வீட்டிலேயே தொழ முசல்லா விரிக்கிறோம். இந்தத் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆதம்பாக்கத்தில் நீங்கள் எடுத்த காலனியில் நோன்பு வைக்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாதாம், அங்கே மலை எப்படி நகரும்? உங்கள் செய்தி வந்ததா என்றே யாருக்கும் ஞாபகம் இல்லை, அது மனை விற்கிறவனுடைய செய்திக்கும் கடன் தருகிறவனுடைய செய்திக்கும் நடுவில் எங்கேயோ வந்து போயிருக்கிறது.

இதோடு முடியவில்லை கேள். எல்லாவற்றிலும் அதிகமாக மாறிய குடும்பம் என்று வீடு எண் பதினேழைத் திரையில் பெரிதாகக் காட்டினார். பெயர் சொல்லக்கூடாதாம், எண் மட்டும்தானாம். சமையலறையின் ஒரு ஓரம் படத்தில் தெரிந்தது, கைப்பிடியில் கயிறு கட்டிய என்னுடைய பெரிய சட்டி. மாடி வீடுகளுக்கும் சேர்த்து நான்தான் கஞ்சி காய்ச்சுவேன் என்று உனக்குத் தெரியும், கரண்ட் அடுப்பு சும்மா வந்ததே என்று போன ரமலான் முழுக்க அதில்தான் காய்ச்சினேன். அதைக் காட்டி, சுத்தமான மின்சாரத்தைப் புரிந்துகொண்ட விழிப்புணர்வுள்ள குடும்பம் என்கிறார். முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு தப்புக் கணக்குக்கு விடையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எங்களை மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். குல்சும் மாமி என் காதில், “இன்னா ஜஹீதா, நோன்பு வெச்சதுக்கா சால்வை போட்றாங்கோ?” என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சால்வை தோளில் ஊர்வதுமாதிரி இருந்தது.

கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்தேன். அந்த மாதம் ரமலான் என்பதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பருவகால வித்தியாசங்களை எல்லாம் சரிசெய்தாகிவிட்டது மேடம் என்று சொல்லிவிட்டு, நான் உட்காருவதற்கு முன்னாலேயே அடுத்தவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார். ரமலான் என்ன பருவமா, மழையா, வெயிலா? ஒவ்வொரு பெருநாளைக்கும் யார் வீட்டிலிருந்தாவது பிரியாணி வரும் என்று காத்திருக்கிற ஊர் இது, இந்த ஊரில் இருந்துகொண்டு அது எந்த மாதம் என்று தெரியாதாம். அந்த மனுஷர்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது.

ஆனால் அந்த வெறுப்பு டீ குடிக்கும் நேரம்வரைதான் அவர்மேல் இருந்தது. அவராகவே தேடிக்கொண்டு வந்தார், நான் உன் அம்மா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கும்பிட்டார், உன்னை வானளாவப் புகழ்ந்தார், இந்தக் கட்டுரை வெளிவந்ததும் அங்கே உனக்கு வேலை நிரந்தரமாகிவிடும் என்றார். பிறகு சமாதானம் சொல்வதுபோல ஒன்று சொன்னார், அதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “நீங்க கேட்டது நியாயமான கேள்விதான் மேடம், நாங்களும் ஆரம்பத்துலயே கேட்டோம். அந்த மாசத்துல அந்தத் தெருவுல சமையல் நேரம் மாறுறமாதிரி ஏதாவது இருக்கான்னு ஆசிஃபைத்தான் கேட்டோம், அவர் ஏரியாவாச்சே. அப்படி ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தார்.” என் கையில் சமோசா இருந்தது, அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது குல்சும் மாமி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், எனக்கு எதுவும் ஏறவில்லை.

இது யாருக்கும் கெடுதல் இல்லாத சின்னப் பொய் என்று நீ நினைக்கலாம். மின் கட்டணத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிற ஏதோ குழுவில் இருக்கிறாராம் ஒருவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு செய்திக்கே ஜனங்கள் இவ்வளவு மாறுகிறார்கள் என்றால், சாயங்காலத்து மின்சாரத்துக்கு விலையை ஏற்றினால் யாருக்கும் கஷ்டம் வராது, எல்லோரும் மத்தியானத்துக்கு மாறிக்கொள்வார்கள் என்று பேசினார், சுகந்தன் தலையாட்டினார். மறுநாள் மீன்காரி கெங்கம்மா கூடையோடு வாசலுக்கு வந்தாள், சங்கரா மீன் கொண்டுவந்திருந்தாள். கேஸ் கட்டுப்படியாகவில்லை என்று அவளும் கரண்ட் அடுப்புக்கு மாறியிருக்கிறாள். இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது என்று சொன்னேன். “மத்தியானம் நா மீனு விக்கறதா, வூட்டாண்ட குந்திக்கினு சோறு ஆக்கறதாம்மா?” என்று கேட்டாள். என் மகன்தான் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கேட்ட விலையைக் கொடுத்து மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அம்மாவுக்கு இந்தப் புது விஷயமெல்லாம் பிடிக்காது என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பலை மூச்சில் இழுத்துக்கொண்டு வாழ்கிற ஜனங்களை நினைத்தால் நிலக்கரி போய்த்தான் ஆக வேண்டும். உன் அத்தா மொட்டைமாடியில் சோலார் போட வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நீ இந்தப் படிப்பை எடுத்தபோது தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். நல்ல காரியத்துக்குப் பொய்யை முட்டுக்கொடுத்தால், நாளைக்கு அது சரிந்து விழும்போது நல்ல காரியத்தையும் சேர்த்துத்தான் ஜனங்கள் துப்புவார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன். அந்த ஆய்வு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் நீ போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? மீட்டிங் இல்லை, அவசரம் இல்லை. ரமலானில் நம் வீட்டில் கஞ்சி எத்தனை மணிக்கு அடுப்பில் ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும், அதற்குப் பிறகு ராத்திரி ஏதாவது சமைப்பாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நான் அரிசி ஊறவைப்பதிலிருந்து தேங்காய்ப்பால் ஊற்றுவதுவரை சொன்னேன், நீ ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். போனை வைத்ததும் உன் அத்தாவிடம் ஓடிப்போய், பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டது, கஞ்சியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லி அழுதேன். அன்றைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய் மகனே. உன்மேல் அருவருப்பு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, வந்துவிட்டது, அதை உன்னிடமே சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சுகந்தனுக்கும் கட்டுரையைப் போடப்போகிற பத்திரிகைக்கும் நீயே எழுது. அந்த மாதம் ரமலான், அது எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன் என்று எழுது. வேலை போகும் என்றால் போகட்டும். உன் அறையில் புழுதி கொஞ்சம் படிந்திருக்கிறது, துடைத்து வைக்கிறேன், இங்கே வந்து வேறு வேலை தேடிக்கொள். அத்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கண்ணில் தையல் ஆறுவதற்குள் அவர் காதுக்கு இது போகக்கூடாது, அதற்குள் நீ சரிசெய்துவிட்டால் சொல்லவே மாட்டேன்.

அல்லாஹ் உனக்கு நேரான புத்தியையும், அதைச் சொல்கிற தைரியத்தையும், நீண்ட ஆயுளையும் கொடுப்பானாக. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, பொடி டப்பாவில் ஈரக் கையை வைக்காதே. ரமலான் நெருங்கிவிட்டது. இந்த வருஷமும் கஞ்சி அஸருக்கு முன்னால்தான் அடுப்பில் ஏறும், என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். அந்தக் கடிதத்தை எழுதிய பிறகு கூப்பிடு.

இப்படிக்கு,
உன் ஆய்வில் வீடு எண் பதினேழு,
உன்னைப் பெற்றவள்,
ஜஹீதா