வில்லனிடம் படித்த தமிழ்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், பாப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. போன வாரம் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

புது சூப்பர்வைசர் நம் மொழிக்காரர் அல்ல, ஆனாலும் தமிழ் பேசுவார். வந்த நாளிலிருந்தே என்னைப் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். எனக்கு அப்போதே சந்தேகம். அன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் தோளில் கைவைத்து, சிரித்துக்கொண்டே, "டேய், உன் கதை முடிஞ்சுது" என்றார். வேலை போயிற்று, உனக்கு எப்படிச் சொல்வேன் என்றுதான் அழுதேன்.

விஷயத்தைக் கேட்ட எங்கள் லாரி ஓட்டுநர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அண்ணே, அவரு சினிமா பாத்துத் தமிழ் கத்துக்கிட்டவரு. ஷிப்ட் முடிஞ்சுது, ரூமுக்குப் போன்னு சொல்லியிருக்காரு!"

"அதுக்கு ஏன்யா வில்லன் மாதிரி பேசணும்?"

"ஹீரோ படபடன்னு பேசுறானாம், ஒண்ணும் புரியலையாம். வில்லன்தான் நிறுத்தி நிதானமா பேசுறானாம்."

முக்கால்வாசி நம்பினேன். சூப்பர்வைசரின் அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் இடிக்கிறது. பாப்பா மேலும் சந்தேகம்தான். கைபேசியில் யாரிடம் தமிழ் படிக்கிறாள்? போனமுறை என்னையே "சாப்ட்டியா ப்ரோ" என்றாள். கவனி.

சூப்பர்வைசருக்கு நல்ல தமிழ் சொல்லித்தரலாம் என்றிருக்கிறேன். நீ வீட்டில் பேசுவதைப் பதிந்து அனுப்பு. காய்காரரிடம் பேரம் பேசுவது, பாப்பாவை எழுப்புவது, என்னைத் திட்டுவது, எதுவானாலும் சரி. கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: சூப்பர்வைசர் நேற்றே வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நீ பதிந்து அனுப்பு.