அலிஃப், மீம், நூன்

பாய்,

நேற்று தபால் ஆபீசில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பார்சலுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். சுடரில் அரக்கு உருகிச் சொட்டியதும் அந்த வாசனை வந்தது. கொஞ்சம் கருகல், கொஞ்சம் இனிப்பு. போன வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் காக்கிச் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது.

அறுபதுகளின் நடுவில் நாம் செஞ்சியில் ஒரே கோர்ட்டில் வேலை பார்த்தோம். நீங்கள் அமீனா. தீர்ப்பான வீட்டைக் காலி செய்ய வைத்து, கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைப்பது உங்கள் வேலை. அந்தத் தீர்ப்புகளுக்கு நகல் எழுதுவது என் வேலை. நான் தொண்டூரிலிருந்து வந்த சமண வீட்டுப் பிள்ளை என்பதால் உங்களுக்கு நான் 'நைனாரே'. ஊருக்கெல்லாம் போல எனக்கும் நீங்கள் 'பாய்'. மத்தியானம் புங்கமரத்தடியில் சேர்ந்து சாப்பிடுவோம். நான் வெங்காயம்கூடத் தொடாதவன். உங்கள் டிபனில் கறி இருக்கும் நாளில் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவீர்கள். காற்று திசை மாறினால் நீங்களும் இடம் மாறுவீர்கள்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெண் அழுகிற குழந்தையிடம் உங்களைக் காட்டி, "வாய மூடு, அமீனா வர்றாரு பாரு, புடிச்சிக்கினு பூடுவாரு" என்றாள். குழந்தை நின்றுவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததையும் நான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் வீணாய்ப்போன ஒரு நகல்தாளின் பின்பக்கம் மூன்று எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதினீர்கள்.

"அலிஃப், மீம், நூன். இதான் வேரு நைனாரே. பயமில்லாம இருக்கறது. அவ்ளோதான் அர்த்தம்."

வேலைக்கு வருவதற்கு முன் ஏழு வருஷம் மதரஸாவில் அரபி படித்தவர் நீங்கள். அந்த மூன்று எழுத்துகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினீர்கள். அமன் என்றால் அச்சமற்ற நிலை. அமானத் என்றால் ஒருவர் நம்பி விட்டுச்சென்ற பொருள். அதை வைத்துக் காப்பவன் அமீன். மனசு பயம் தெளிந்து ஒன்றைப் பற்றிக்கொண்டால் அது ஈமான். தொழுகையில் சொல்லும் ஆமீனும் இதே குடும்பமா என்று கேட்டேன்.

"அது வேற எங்கிருந்தோ வந்ததுன்னு சொல்றவங்க இருக்காங்க. வந்தா இன்னா? இந்த வூட்லதான குந்திக்கினு இருக்குது."

தமிழிலும் நம்பு, நம்பிக்கை, நம்பகம் என்று வருகிறதே என்றேன். "நீங்க வாலுல சேக்கறீங்க. நாங்க வயித்துக்குள்ள சேக்கறோம். எழுத்து மூணும் நவுறாது, நடுவுல மூச்சு மட்டும் மாறும்" என்றீர்கள். பிறகு தாளை மடித்துக்கொண்டே, குரல் இறங்கிச் சொன்னீர்கள்: "அமீன்னா நம்பத் தகுந்தவன். நபிக்கே ஊரு வெச்ச பேரு. இங்க அமீனான்னா புள்ளைங்களுக்குப் பூச்சாண்டி."

அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து வீட்டுக்கு உங்களோடு நான் வந்திருக்க வேண்டியதே இல்லை. சந்தையில் விதைக்கு மல்லாட்டைக் கடலை பார்க்க வேண்டும் என்று கூட வந்தேன். கணவனை இழந்த ஒரு பெண். கணவனின் அண்ணன் வழக்குப் போட்டு வீட்டைத் தன் பக்கம் தீர்ப்பாக்கிக்கொண்டான். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அவள் மகள் நிறைமாதம், சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா அழவில்லை. வாசலுக்கு வந்து உங்கள் முன் நின்று, "பத்து நாளு குடு அமீனா. இவ பெத்து எழுந்துரட்டும். நானே சாவிய எடுத்தாந்து குடுத்துடறேன்" என்றாள்.

நீங்கள் நெடுநேரம் சைக்கிள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "சரிம்மா, உள்ள போ" என்றீர்கள்.

திரும்பும் வழியில் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"வூடு பூட்டியிருந்துச்சி, ஆளு இல்லன்னு எழுதுவேன்."

"பொய்யாச்சே பாய்."

"அந்த மூணு எழுத்துக்கு முன்னாடி 'இஸ்த'ன்னு ஒண்ணு சேந்தா, கேக்கறதுன்னு ஆயிடும். அடைக்கலம் கேக்கறது. கேட்டவங்களுக்குக் குடுக்கறது அமான். அது கேட்டுச்சி, நான் குடுத்தேன். பத்து நாள்ல வூடு எங்க ஓடிப்பூடும்?"

வீடு ஓடவில்லை. நாலாம் நாள் அந்த அண்ணன் கோர்ட்டில் புகார் எழுதிக் கொடுத்தான். கதவு திறந்திருந்தது, அமீனாவோடு இன்னொருவரும் சைக்கிளில் வந்திருந்தார் என்று. அந்த இன்னொருவர் யார் என்று விசாரித்து முன்சீப் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நீங்கள் அன்று வேறு ஊருக்குப் போயிருந்தீர்கள்.

"வீடு பூட்டி இருந்ததா, திறந்து இருந்ததா?"

அந்த ஒரு கேள்விதான். எனக்கு வேலை நிரந்தரமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மனைவி முழுகாமல் இருந்தாள். பொய் சொல்வதில்லை என்பது எங்கள் விரதங்களில் ஒன்று என்று அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது. வேலை போய்விடுமே என்ற பயத்துக்கு அந்த விரதத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "திறந்துதான் இருந்தது" என்றேன். அவர்கள் வார்த்தையில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்; நான் படித்துப் பார்க்கவில்லை. அன்று மாலை நீங்கள் திரும்பி வந்தபோது நான் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் உங்கள் விசாரணை. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. அதற்கு மூன்று நகல் எழுத வேண்டும். எழுதுகிறவன் நான் ஒருவன்தானே. உங்கள் வாக்குமூலத்தை என் கையால் எழுதினேன். 'நான் தனியாகத்தான் போனேன். என்னுடன் எவரும் வரவில்லை' என்று முதலில் சொல்லியிருந்தீர்கள். அடுத்த வரி: 'நகல் எழுத்தரின் வாக்குமூலம் வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டுவிட்டு, அவர் சொல்வது சரி என்றார்.'

என்னை மறைக்க நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள். என் உண்மை வந்து அதையும் உடைத்தது. 'நம்பிக்கைக்குரிய பதவியில் இருந்துகொண்டு நம்பிக்கைக்கு மாறாக நடந்தார்' என்று உத்தரவு முடிந்தது. உங்கள் மொழியில் எழுதினால் அதுவும் அந்த மூன்று எழுத்துக்குள்தானே வரும் என்று தோன்றியது. மூன்றாவது நகலில் மை சிந்திவிட்டது. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.

புகார் எழுதிக் கொடுத்த மறுநாளே அந்த அம்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, அந்த வீட்டுக்குள்ளேயே. ஒரு மாதம் கழித்து வெளியூர் அமீனா ஒருவர் வந்து அவர்களைக் காலி செய்ய வைத்தார். அவர் சொல்லித்தான் தாயும் பிள்ளையும் நலம் என்று கேள்விப்பட்டேன். அதை உங்களிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கால் வரவில்லை.

செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குக் கீழே திருவண்ணாமலை ரோட்டில்தான் உங்களைக் கடைசியாகப் பார்த்தேன். கேரியரில் துணிமூட்டை. கிராமம் கிராமமாகப் போய் லுங்கி விற்றுக்கொண்டிருந்தீர்கள். கழுத்து எலும்பு தெரிந்தது, இருமிக்கொண்டே இருந்தீர்கள். நான் வாயெடுப்பதற்குள் நீங்களே பேசினீர்கள்.

"நைனாரே, கொழந்த பொறந்துச்சா? இன்னா புள்ள?"

"பொண்ணு பாய். நான் அன்னிக்கி..."

"பொய் எழுதனது நானு. நீங்க நெசத்ததான சொன்னீங்க. வெய்யில்ல நிக்காதீங்க, போங்க."

கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டபோது அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் கழிந்து உங்கள் மனைவி கோர்ட்டுக்கு வந்தார். வேலை போன உத்தரவின் நகல் வேண்டும் என்றார். மேலே யாருக்காவது மனுப் போட்டால் பிள்ளைகளுக்கு ஏதாவது வழி பிறக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு உருதுதான் படிக்கத் தெரியும் அண்ணா. இதுல இன்னா இருக்குது, படிச்சி சொல்லுங்க. அவரு எதுவுமே சொல்லல. நானா போயி நானா கெடுத்துக்கினேன்னு மட்டும் சொன்னாரு. உங்கள மட்டும் அடிக்கடி கேப்பாரு. நைனாருக்குப் பொண்ணு பொறந்திருக்குதுன்னு ரெண்டு மூணு தபா சொன்னாரு."

வாசித்தேன். என் வாக்குமூலம் வந்த இடத்தில், "யாரோ பார்த்தவங்க சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவர் "பாவம், அவங்களுக்கும் புள்ளகுட்டி இருந்திருக்கும். பயந்திருப்பாங்க" என்றார். நகலை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு சலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மனுவால் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். எங்கே என்று தெரியாது. பென்ஷன் வாங்கி, மனைவியையும் கடைசியாக வழியனுப்பிவிட்டு, மகள் வீட்டில் இருக்கிறேன் பாய். எத்தனையோ ஆயிரம் தீர்ப்புகளுக்கு நகல் எழுதினேன், ஒரு வரிகூட இப்போது நினைவில்லை. அன்று உங்கள் மனைவிக்கு வாசிக்காமல் தாண்டிய வரி மட்டும் எழுத்துக்கு எழுத்து இருக்கிறது: 'நகல் எழுத்தர், தான் உடன் சென்றதாகவும், கதவு திறந்திருந்ததாகவும், தானே முன்வந்து சொன்னார்.'