திருச்சிக்கு நான்கு மணி நேரம்

மார்ச் 3, திங்கள்
பரமேஸ்வரன் அங்கிள் ஒரு திருடன். நெற்றி நிறையத் திருநீறு. கல்லாவுக்கு அடியில் இழுப்பறை நிறையத் தன் சாப்பாட்டுக் கடை ஆட்களின் பாஸ்போர்ட். பத்திரமாக வைத்திருக்கிறாராம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அங்கேதான் வாழையிலைச் சோறு சாப்பிடுகிறோம். நானும்தான்.

மார்ச் 5
அங்கே பரிமாறும் லட்சுமணன் அண்ணன் இன்று எங்கள் டிக்கெட் ஏஜென்சிக்கு வந்தார். ஊரில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, 23ஆம் தேதி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்களாம். இவருக்காக இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.
"வேற யார் மடியிலயாச்சும் வெச்சுக்கலாம்லா?" என்றேன். நாங்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள், எனக்கென்ன தெரியும்.
"யாரும்மா இருக்கா? அவளுக்கு அண்ணன் நான் ஒருத்தன்தான்."
போனிலிருந்த பாஸ்போர்ட் படத்தை வைத்து டிக்கெட் போட்டேன். 22ஆம் தேதி காலை ஒன்பதுக்குக் கோலாலம்பூர், பத்தரைக்குத் திருச்சி.
"ஒன்றரை மணி நேரம்தானா?"
"நாலு மணி நேரம்ணே. அங்க கடிகாரம் ரெண்டரை மணி பின்னால."
"அப்ப அந்த ரெண்டரை மணி எனக்குச் சும்மாவா?"
"திரும்பி வரப்ப புடுங்கிக்குவாங்க."
"அதானே பார்த்தேன்."

மார்ச் 9
கிள்ளானில், வீட்டில். போனில் விமானங்களைக் காட்டும் ஆப். திருச்சி விமானம் சுமத்ராவின் முனையைத் தாண்டிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் நீலம், நடுவில் ஒரு புள்ளி. அதற்குள் நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். தூங்குவார்கள், சாப்பிடுவார்கள். இந்தக் கடல்தான் என் பூட்டனை ஒரு வாரம் குலுக்கி எடுத்து இங்கே தள்ளியது என்பார் அப்பா. இப்போது இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். நான் வேலைக்குப் போய்வர ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.
மூன்று வருஷமாக டிக்கெட் விற்கிறேன், ஒருமுறைகூட ஏறியதில்லை. மனிதர்கள் உண்மையிலேயே இதைச் செய்துவிட்டார்களா? தரையிறங்கும்வரை போனைக் கீழே வைக்க முடியவில்லை.

மார்ச் 18
அண்ணன் பாஸ்போர்ட்டைக் கேட்டதற்கு அங்கிள் சொன்னாராம்: "கெளம்புற அன்னிக்குத் தரேன்லா. எங்க ஓடிடப் போவுது?"

மார்ச் 21, வெள்ளி
தரவில்லை. "ஆள் பத்தல, அடுத்த மாசம் போ." அவ்வளவுதான். அண்ணன் பெட்டியெல்லாம் கட்டிட்டாரு. போலீஸுக்குப் போலாம்ணே, நான் கூட வரேன்னு சொன்னேன். "வேணாம்மா, வேலை பெர்மிட்டுல கைய வெச்சிருவாரு." — கடலையே தாண்டியாச்சு, ஒரு இழுப்பறையத் தாண்ட முடியலியா?

மார்ச் 22
கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுமிடத்தில், இருவரும் போனில் பார்த்தோம். புள்ளி கரையை விட்டு நகர்ந்தது.
"இப்ப நான் கடல் மேல இருக்கேன்" என்றார்.
அது திருச்சியில் இறங்கியபோது அவர் கையில் ரசவாளி.

மார்ச் 24
தங்கச்சி வேறு யார் மடியிலும் பிள்ளையை வைக்க விடவில்லையாம். அண்ணன் விட்டுவந்த சட்டையைப் பாயில் விரித்து, அதன்மேல் உட்கார வைத்துக் குத்தியிருக்கிறார்கள். படம் காட்டினார். நீலக் கட்டம் போட்ட சட்டை. பிள்ளை அழுதுகொண்டே சட்டையின் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விமானம்கூட என்னை இப்படிப் பிரமிக்க வைத்ததில்லை.

மதியம், கடை நிறைய ஆட்கள். கல்லா முன்னால் போய் நின்றேன்.
"லட்சுமணன் அண்ணன் பாஸ்போர்ட்டக் குடுங்க அங்கிள்."
சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைப் பார்த்தார்கள். அங்கிள் எனக்குப் பின்னால் நின்றவரிடம் பில்லுக்குக் கை நீட்டினார். நான் நகரவில்லை.
"குடுங்க அங்கிள்."