பட்டனை விடாத கை

என் குமரேசா, அக்காவின் செல்லமே,

நீ போன பிறகு வந்த முதல் ஆடி இது. பெரியபாளையத்து அம்மன் கோயில் திருவிழாவில் தொண்டர் குழுவின் வாக்கி டாக்கி செட்டுகளை நீதானே பார்த்துக்கொள்வாய்? இந்த வருஷம் தொண்டர் கூடாரத்தில் உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "உன் தம்பி நோட்டு உன்னாண்டதானக்கா கீது, நீயே வந்து குந்து" என்று உன் கூட்டாளி செல்வம் சொல்லிவிட்டான்.

எட்டாவதைத் தாண்டாதவள் நான். தினமும் விளக்கேற்றியதும், உன் வேலையைப் பற்றி நீ எழுதிவைத்த அந்த நோட்டில் ஒரு பக்கம் படித்தேன். சேனல் என்றால் எல்லோரும் சேர்ந்து பேசும் அலைவரிசை. ரிப்பீட்டர் என்றால் தூரத்துக் குரலை வாங்கி, பலம் ஏற்றி, மறுபடி அனுப்பும் பெட்டி. காக்களூர் கம்பெனியில் நீ கம்ப்யூட்டர்களுக்குப் போட்ட ஐ.பி. முகவரி, கதவு எண் மாதிரி. பிங் என்றால் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை "இருக்கிறாயா?" என்று கேட்பது. எல்லாம் மனப்பாடம். ஆனாலும் தப்புச் செய்தேன்.

மூன்றாம் ஞாயிறு மத்தியானம், வேண்டுதலுக்கு வேப்பிலை ஆடை கட்டிய நாலு வயதுப் பெண்குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோனாள். அவள் அம்மா என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செட்டில் அடையாளம் சொன்னேன். அப்புறம் அம்மனை நினைத்துக் கை கூப்பினேன். கூப்பிய கைக்குள் செட் இருந்தது. பேசும்போது அமுக்கும் பட்டன் அமுங்கியே கிடந்தது.

ஒருவர் அமுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. என் வேண்டுதல் மட்டும் எல்லார் செட்டிலும் ஓடியதாம். செல்வம் மூச்சிரைக்க ஓடிவந்தான், இடுப்பில் அந்தக் குழந்தை.

"இன்னாக்கா நீ? கொயந்த கெடைச்சி பத்து நிமிசமாவுது. அல்லாரும் கூவிக்கினு கீறோம். அம்மனே பதில் சொல்லணும்னாலும் லைன் காலியா இருக்க வாணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். குழந்தையின் முகத்தைத் துடைத்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. அந்தக் குழந்தை மட்டும் காரணமில்லை. கடைசியாக நீ போன் செய்த காலையில், "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாயே. "மொதல்ல நாஷ்டா துன்னியா? மாத்திர போட்டியா? ஊட்டுக்கு எப்ப வர்ற?" என்று நான் பேசிக்கொண்டே போனேன். "செரிக்கா, அப்பறம் சொல்றேன்" என்றாய். அன்று சாயங்காலமே மாரடைப்பு.

போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். அதற்கு டூப்ளெக்ஸ் என்று பேர், உன் நோட்டிலேயே இருக்கிறது. அப்படியும் உன்னைப் பேச விடவில்லையே. என்ன சொல்ல வந்தாய்? நெஞ்சு வலித்ததா? வேலையில் ஏதாவதா? யாரையாவது பிடித்திருந்ததா?

செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செல்வம் கையை நீட்டவில்லை. "நீ குட்துட்டா குமரேசன் சீட்ல நான் குந்தணும். என்னால ஆவாதுக்கா" என்றான்.

வரும் ஞாயிறும் போகிறேன். உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: சாமி கும்பிடும்போது செட்டை மேசையில் வை.

இனி ஒரு வரி சொல்வேன், பட்டனை விடுவேன், எதிர்ப்பக்கம் முடிக்கும்வரை காத்திருப்பேன். உன்னிடமும் அப்படித்தான். நாளையிலிருந்து விளக்கேற்றியதும் எதையும் வேண்டாமல், கொஞ்ச நேரம் வாயை மூடி உட்கார்ந்திருப்பேன். நீ சொல்ல வந்ததைச் சொல்லு.

கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அக்கா