பாப்பாவுக்குப் பெயர் கிடைத்தது

ஆவணி, இரண்டாம் வெள்ளி. திண்டுக்கல்.

மனம் இன்னும் அடங்கவில்லை. வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

1. பேத்தி டென்மார்க்கில் பிறந்தாலும் அந்நாட்டுக் குடியுரிமை கிடையாது. நம் தூதரகத்தில் பதியவும் பாஸ்போர்ட் வாங்கவும் பெயர் வேண்டும்.
2. பாஸ்போர்ட் இல்லாமல் அவளை இங்கே கூட்டி வர முடியாது.
3. குலதெய்வத்தின் முன் கொண்டுவராமல் பெயர் வைக்கக் கூடாது.

மூன்றாவதை அவள் பிறந்த அன்று நான்தான் சொன்னேன். மகன் செந்தில் மறுக்கவில்லை. ஐந்து மாதமாக அவள் வெறும் பாப்பா. ஆறு மாதத்துக்குள் அங்கே பெயர் பதிந்தாக வேண்டுமாம்.

இன்று செம்பட்டிக்கு அப்பால் எங்கள் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கொண்டாந்தாத்தேன் பேருன்னு யாரு சொன்னாக? சாமிக்கு டென்மார்க்கும் செம்பட்டியும் ஒண்ணுதேன். அது என்ன பாஸ்போர்ட்டா கேக்குது? போனைப் போடுங்கய்யா."

வீடியோவில் செந்தில் மடியில் குழந்தை இருந்தாள். இரு கைகளாலும் போனைச் சாமி பக்கம் திருப்பிப் பிடித்தேன். பூசாரி மூன்று முறை "பொன்னி" என்றார். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"சிரிக்கிறாப்பா! பேரைப் பதிஞ்சதும் தூதரகத்துல குடுத்திருவேன். இதை மொதல்லயே கேட்டிருக்கலாம்லப்பா?"

கேட்டிருக்கலாம். சாமி குற்றமாகிவிடுமோ என்று பயம்.

தைக்குள் வந்துவிடுவார்களாம். மொட்டை நேரில்தான் போட வேண்டும், அதில் மாற்றமில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அதைச் சாமி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.